ஸ்டாக்ஹோமுக்குப் பணம் கட்டுமுன் கேட்டு வாங்க வேண்டியவை

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள டிராவல்ஸ் கடைகளுக்கு நெடுநாளாக வெளிநாட்டுக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். இப்போது திருவண்ணாமலைக்காரர்களே ஐரோப்பாவுக்கு விலை விசாரிக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி, ஆரணியில் பட்டு வியாபாரம் பார்ப்பவர், பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக ஒரு நல்ல பயணம் தர நினைக்கும் பிள்ளைகள். பாரிஸும் சுவிட்சர்லாந்தும் பார்த்து முடித்தவர்களிடம் அடுத்ததாக ஸ்டாக்ஹோமும் அதன் கடலோரத் தீவுகளும் விற்கப்படுகின்றன. நல்ல இடம்தான், போய்வர வேண்டிய இடம். ஆனால் தலைக்குப் பல லட்சம் ரூபாயை மாதக்கணக்கில் முன்கூட்டியே கட்டிவிட்டு, கையில் நான்கு வாட்ஸ்அப் செய்தியும் ஒரு வண்ணப் பிரசுரமும் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. இந்தப் பணத்துக்குச் சட்டம் வலுவான பாதுகாப்பு தந்திருக்கிறது. அதைத் திருவண்ணாமலையிலேயே உட்கார்ந்து கேட்டுப் பெறலாம். அந்தப் பாதுகாப்பு முழுவதும் பணம் கட்டும் நாளில் நீங்கள் எழுதி வாங்கும் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில் என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டாக்ஹோமைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 30,000 தீவுகள், பாறைத் திட்டுகள் உண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து வக்ஸ்ஹோல்ம் படகில் ஒரு மணி நேரத் தொலைவு. சாண்ட்ஹாம்ன் வெளிக்கடலை ஒட்டி இருக்கிறது, அங்கே போய்த் திரும்பவே ஒரு நாள் வேண்டும். பிரசுரத்தில் 'தீவுக்கூட்டப் பயணம்' என்று மட்டும் இருந்தால், துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு முடித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. எந்தத் தீவு, இரவு தங்கலா, எத்தனை மணி நேரம், படகுக் கட்டணம் பேக்கேஜில் அடக்கமா என்று எழுதச் சொல்லுங்கள்.

பருவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூன் கடைசியில் அங்கே இரவு பத்து மணிவரை வெயில் இருக்கும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் தீவுகளுக்குப் படகு குறைவு, அங்குள்ள விடுதிகளும் உணவகங்களும் பலவும் மூடிக்கிடக்கும். தீபாவளி விடுமுறைக்கென்று குறைந்த விலையில் ஒரு 'கடலோரச் சொகுசுப் பயணம்' வந்தால், விலை குறைந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். தெரிந்துகொண்டு போனால் பனிக்கால ஸ்டாக்ஹோமும் அழகுதான். கோடைப் படங்களைக் காட்டி நவம்பர் மாதத்தை விற்பதைத்தான் ஏற்க முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தனி விளக்கமே இருக்கிறது. அந்தப் பிரசுரத்தைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

விமான நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள். ஆர்லாண்டா விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பெயரில் ஸ்டாக்ஹோம் என்று இருந்தாலும் ஸ்காவ்ஸ்டா சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நிஷோப்பிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது பணம் வாங்குபவர் யார் என்பது. மத்திய சுற்றுலா அமைச்சகம் பயண முகவர்களுக்குத் தரும் அங்கீகாரம் விருப்பத்தின் பேரில் பெறுவதுதான், கட்டாயமில்லை. அதனால் போர்டு மாட்டிய எல்லாருமே அங்கீகாரம் பெற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பதிவுப் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். அதே பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். "கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் ஆயிடுச்சு சார், என் பர்சனல் ஜிபேக்குப் போட்டுடுங்க" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தவரை அட்வான்ஸைக் கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. சேவை கிடைக்காதபோது வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திருப்பக் கேட்க அதில் ஒரு வழி இருக்கிறது. நாமாகவே யு.பி.ஐ.யில் அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதல்ல.

ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம், தெரிந்தவர் கடையாக இருந்தாலும் சரி. அதோடு ஒரு பக்கத்தில் இவற்றையும் எழுதி வாங்குங்கள்: ஹோட்டலின் பெயர் (நட்சத்திரக் குறி மட்டும் போதாது), அறையின் வகை, விமானம் நேரடியா மாறிப் போவதா, சைவ உணவு எத்தனை வேளை, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சுவீடன், டென்மார்க், நார்வே மூன்றும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் நான்கு இரவு, கோபன்ஹேகனில் இரண்டு, ஆஸ்லோவில் இரண்டு என்றால் சுவீடனிடம். எந்த நாட்டில் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிடலாம் என்று முகவர் சொல்வது உங்கள் விண்ணப்பத்துக்கே வினையாகும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் விண்ணப்பத்தை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்குச் சேவைக் கட்டணம் தனி. அப்பாயின்ட்மென்டுக்கென்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சில வேளை 45 நாள்வரை இழுக்கும். கோடை விடுமுறைக்குப் போவதென்றால் பொங்கல் முடிந்ததுமே வேலையை ஆரம்பிப்பது நல்லது.

முடிவெடுப்பது தூதரகம். வி.எஃப்.எஸ். மையமோ முகவரோ 'விசா கேரண்டி' தர முடியாது. அப்படிச் சொல்பவர்களில் சிலர் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்டப் போலி வங்கி அறிக்கை தயார் செய்கிறார்கள், இல்லாத ஹோட்டல் புக்கிங்கை வைக்கிறார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். மாட்டினால் ஷெங்கன் விசாத் தகவல் தொகுப்பில் உங்கள் பெயரும் கைரேகையும்தான் ஐந்து ஆண்டுவரை இருக்கும், முகவரின் பெயர் இருக்காது. தாள் தாளாக நீங்களே படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

மறுப்பு வந்தால் அச்சிட்ட ஒரு படிவம் தருவார்கள். காரணங்கள் வரிசையாக இருக்கும், உங்களுக்குப் பொருந்தும் கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அடிக்கடி விழுவது, விசா முடியும் முன் நாடு திரும்புவார் என்பதில் ஐயம் என்ற கட்டம். அதற்குப் பதில் முதலிலேயே விண்ணப்பத்தோடு போயிருக்க வேண்டும். ஓய்வூதிய ஆணை, மாதாமாதம் ஓய்வூதியம் ஏறும் வங்கிப் புத்தகம், வீட்டுப் பட்டா, கடையின் ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, திரும்பி வரவேண்டிய கட்டாயத்தைக் காட்டும் எதுவானாலும் சேர்க்கலாம். கடைசி வாரத்தில் கணக்கில் திடீரென்று பத்து லட்சம் போட்டுக் காட்டுவதைவிட ஆறு மாதமாகச் சீராக வந்த ஓய்வூதியம் அதிகம் பேசும். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. சுவீடன் முடிவென்றால் 3 வாரத்துக்குள் செய்ய வேண்டும். கட்டிய விசா கட்டணம் மட்டும் திரும்பாது. இதனால்தான் விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். "டூரிஸ்ட் விசால போங்க, அங்க வேலை பார்த்துத் தரேன்" என்று இளைஞர்களிடம் சொல்பவர்கள் உண்டு. சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு தேவை. அந்தப் பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

பில்லில் டி.சி.எஸ். என்று ஒரு வரி வரும். வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி அது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. அந்தக் கணக்கில் 12 லட்ச ரூபாய் பேக்கேஜுக்கு 90,000 ரூபாய் ஆகும். 2026 பட்ஜெட்டில் இதை 2 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் பான் எண்ணில்தான் கட்ட வேண்டும். படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை தெரியும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியர் பலர் கணக்கே தாக்கல் செய்யாமல் இந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் பணம்.

பயணக் காப்பீடு விசாவுக்கே கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுதும், தங்கும் நாள் அத்தனைக்கும். முகவர் மிக மலிவான பாலிசியைச் சேர்த்துவிடுவார். அறுபதைத் தாண்டியவர்கள் சுகர், பி.பி., பழைய மாரடைப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, அவற்றால் வரும் அவசர சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று கேட்க வேண்டும். மறைத்த நோயைக் காட்டித்தான் பின்னால் கிளைம் மறுக்கிறார்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய்வரை அவர் உத்தரவிடலாம்.

விமானத்தில் போகும்போது ஒரு விதி, வரும்போது வேறு விதி என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் விதிப்படி ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பயணியின் உரிமை பொருந்தும். வளைகுடா வழியாக ஒரே புக்கிங்கில் சென்னை வந்தாலும் பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள பயணத்தில் கடைசி ஊருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால் தலைக்கு 600 யூரோ, மூன்றிலிருந்து நான்கு மணி என்றால் அதில் பாதி. கடும் வானிலை போன்ற தவிர்க்க முடியாத காரணமென்றால் இந்த இழப்பீடு கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தந்தாக வேண்டும். சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் இந்த விதி. பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும் முன் பெட்டிப் புகார்ச் சீட்டை வாங்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஹோட்டல் மாறிப்போனாலோ, தீவுக்கே கூட்டிப்போகாவிட்டாலோ என்ன செய்வது? அங்கேயே படம் எடுங்கள், அன்றைக்கே முகவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஊர் திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம், பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஆள் பணத்தோடு மறைந்துவிட்டால் அது வேறு விஷயம். உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. காவல் நிலையப் புகாரும் அவசியம்.

உதவி எண்ணில் தீராததற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. முகவர் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றிவிட்டது. ரசீதின் ஓரத்தில் 'வழக்குகள் மும்பை நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டவை' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீர்கள். கட்டிய தொகை 50 லட்சம்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம்வரை கட்டணமே இல்லை, 12 லட்ச ரூபாய் பேக்கேஜுக்கு 400 ரூபாய்தான். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதற்கு மேல் ஆகும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து முகவர் மேல்முறையீட்டுக்குப் போனால், தரச்சொன்ன தொகையில் பாதியை அவர் முதலில் கட்டியாக வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிடுங்கள். "அடுத்த மாதம் தந்துடறேன்" என்று முகவர் நாள் கடத்திக்கொண்டிருந்தாலும், அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.