மோடம் டயல் செய்தால் மவுஸ் ஏன் உறைந்தது?

1990களில் வீட்டுக் கணினிக்குள் இன்டர்னல் மோடம் பொருத்தியவர்களில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கணினி ஒழுங்காக ஆன் ஆகும். மவுஸ் நன்றாக ஓடும். இணைய இணைப்புக்காக டயல் செய்ததும் திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். சில கணினிகளில் தலைகீழாக நடக்கும்: மவுஸ் ஓடும், மோடம் வாய் திறக்காது. மோடத்தை மாற்றிப் பார்ப்பார்கள், மவுஸை மாற்றிப் பார்ப்பார்கள். எதுவும் சரியாகாது. இரண்டிலுமே பழுது கிடையாதே, எப்படிச் சரியாகும்?

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, சென்னையும் அதைப் பெற்ற முதல் நகரங்களில் ஒன்று. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைத் தொட மோடம் வேண்டும். மோடம் வாங்கியவர் மேசையில் ஏற்கெனவே ஒரு சீரியல் மவுஸ் இருந்தது. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

செயலி ஒவ்வொரு கருவியாகப் போய் "ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. அதனால் சேதி இருக்கும் கருவியே ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்திச் செயலியை அழைக்கும். இந்தக் குறுக்கீட்டுக் கம்பிகளைத்தான் ஐஆர்க்யூ என்கிறோம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259 என்ற ஒரே சில்லு எட்டுக் கம்பிகளைக் கவனித்தது. 1984இல் வந்த ஏடி மாடலில் இரண்டாவது சில்லு சேர்ந்தது. இரண்டையும் கோக்கவே ஒரு கம்பி செலவானதால் மிஞ்சியவை 15. அவற்றிலும் டைமர், விசைப்பலகை, பிளாப்பி, கடிகாரம், வன்தட்டு என்று பல போய்விட்டன.

சீரியல் போர்ட்டுகளுக்குக் கிடைத்தவை இரண்டே. காம் 1 போர்ட்டுக்கு நான்காம் கம்பி, காம் 2 போர்ட்டுக்கு மூன்றாம் கம்பி. பின்னால் காம் 3, காம் 4 சேர்ந்தபோது புதிய கம்பி ஒதுக்கப்படவில்லை. காம் 3 நான்காம் கம்பியிலும் காம் 4 மூன்றாம் கம்பியிலும் ஒண்டிக்கொண்டன. முகவரிகள் மட்டும் தனித்தனி: காம் 1 இருப்பது 3எஃப்8, காம் 3 இருப்பது 3இ8. முகவரி வேறு என்பதால் மென்பொருளின் கண்ணுக்கு நான்கு போர்ட்டுகளும் சுதந்திரமாகத் தெரியும். மவுஸ் காம் 1இல், மோடம் காம் 3இல் என்று வைத்தவர் தப்பு செய்ததாக நினைக்க வழியே இல்லை.

சரி, ஒரே கம்பியை இரண்டு பேர் ஏன் பகிர முடியாது? அந்தக் காலத்து ஐஎஸ்ஏ வகைச் செருகு அட்டைகள் கம்பியை உயர்த்துவதோடு நிற்பதில்லை. சேதி இல்லாத நேரத்தில் அதைத் தாழ்வாகவும் இழுத்துப் பிடிக்கும். ஒரு அட்டை மேலே தள்ள, இன்னொன்று கீழே இழுக்க, மவுஸின் அழைப்பு நடுவழியில் அமுங்கிவிடும். போதாததற்கு, 8259 சில்லு கவனிப்பது மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயரும் கணத்தை மட்டுமே. ஒருவர் ஏற்கெனவே உயர்த்தி வைத்திருந்தால், அடுத்தவர் உயர்த்துவது அதற்குத் தெரியாது.

அப்படியானால் டயல் செய்யும்வரை மவுஸ் எப்படி ஓடியது? எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான். சீரியல் போர்ட் சில்லில் 'அவுட் 2' என்று ஒரு கால் உண்டு. ஐபிஎம் பொறியாளர்கள் அதையே கதவாக்கினார்கள். மென்பொருள் அந்தக் கதவைத் திறக்கும்வரை போர்ட்டுக்கும் குறுக்கீட்டுக் கம்பிக்கும் தொடர்பில்லை. டயல் செய்யும் மென்பொருள் மோடத்தின் போர்ட்டைத் திறந்ததும் கதவு திறக்கிறது, மோடம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, அம்பு உறைகிறது. நோயின் காரணம் அது தோன்றும் நேரத்திலேயே இருந்தது. உதிரிப் பாகங்களை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் கவனிக்காமல் விட்டது அந்த நேரத்தைத்தான்.

வைத்தியம் எளிது. பயாஸில் மதர்போர்டின் இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்துவிட்டு, மோடம் அட்டையின் ஜம்பர்களை காம் 2, ஐஆர்க்யூ 3 என்று மாற்றிக் குத்தினால் போதும். சிலர் காம் 4க்குத் தாவினார்கள். அதன் முகவரியான 2இ8, எஸ்3 போன்ற சில டிஸ்ப்ளே அட்டைகளோடு மோதும், ஆகவே ஒரு சண்டையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கியவர்களும் உண்டு. மோடத்தை ஐந்தாம் கம்பிக்கு மாற்றலாம் என்றால், அது பெரும்பாலும் சவுண்ட் கார்டு கையில் இருந்தது. உருண்டையான பிஎஸ்/2 சாக்கெட் உள்ள கணினி என்றால் என் தேர்வு அதற்கான மவுஸ்தான். 1987இல் அறிமுகமான அந்த சாக்கெட்டுக்கு 12ஆம் கம்பி தனியாக இருக்கிறது, சீரியல் போர்ட்டுகளின் பக்கமே அது போகாது. விண்டோஸ் 95 வந்த பிறகு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி தோன்றி மோதலைக் காட்டிக்கொடுத்தது.

1992இல் வந்த பிசிஐ என்ற புதிய செருகு முறை இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்தது. அதில் சேதி இல்லாத அட்டை கம்பியை இழுத்துப் பிடிப்பதில்லை. அழைப்பவர் கம்பியைத் தாழ்த்துவார், தன் சேதி கவனிக்கப்படும்வரை விடமாட்டார். நாலு பேர் சேர்ந்து அழைத்தாலும் ஒருவர் குரலும் தொலையாது.

பழைய எண்கள் மட்டும் அழியவில்லை. உங்கள் விண்டோஸ் மடிக்கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'ரிசோர்சஸ் பை டைப்' என்பதைத் தேர்ந்தெடுத்து, குறுக்கீட்டுப் பட்டியலை விரித்துப் பாருங்கள். பல கணினிகளில் விசைப்பலகை இன்றும் 1ஆம் எண்ணில்தான் இருக்கிறது.