பழைய லாரியின் முகப்புக் கண்ணாடியும் மின்சார வைப்பரும்

1950களின் நடுப்பகுதி வரை செவ்ரலே, ஃபோர்டு முதலிய அமெரிக்க நிறுவனங்கள் செய்து விற்ற பெட்ரோல் லாரிகளில் பெரும்பாலானவற்றின் வைப்பர், அதாவது முகப்புக் கண்ணாடியில் விழும் மழைநீரை வழித்துத் தள்ளும் துடைப்பான், மின்சாரத்தால் ஓடவில்லை. எஞ்சின் தன் உருளைகளுக்குள் காற்றை இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சுவிசையே ஒரு ரப்பர்க் குழாய் வழியாகச் சென்று அதை அசைத்தது. அத்தகைய லாரியை மீட்டெடுத்துச் சாலையில் ஓட்ட விரும்புவோர் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள், துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டுகிறார்கள், பழைய நிறத்தைத் தேடிப் பிடித்துப் பூசுகிறார்கள். ஆனால் வைப்பரில் கைவைத்தால் வண்டியின் பழமை கெட்டுவிடும் என்று அஞ்சி, அதை இருந்தபடியே விட்டுவிடுவோர் அவர்களில் உண்டு. மழையில் கண் தெரியாமல் பல டன் இரும்பை ஓட்டிச் செல்வது பழமையைப் போற்றுவதாகாது என்பதால், இந்தத் தயக்கத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நல்லது.

இதைப் பேச ஹைதராபாத் பொருத்தமான ஊர். நிஜாம் அரசின் ரயில்வே 1932 ஜூனில் 27 பஸ்களோடும் 166 ஊழியர்களோடும் தொடங்கிய சாலைப் போக்குவரத்துத் துறை, இந்தியாவில் அரசே நடத்திய பயணிகள் போக்குவரத்தின் முன்னோடிகளுள் ஒன்று. ஸ்காட்லாந்தின் ஆல்பியன் நிறுவனம் செய்த அந்தப் பழைய பஸ்களில் ஒன்று, ஆர்டிசி குறுக்குச் சாலை அருகிலுள்ள பஸ் பவனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1942இல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் தொழிற்சாலை பஸ்களுக்குக் கூடு கட்டும் வேலையையும் செய்து, தகரத்தை வளைத்து ஆணியடிக்கும் கைத்திறனை ஊருக்குள் வளர்த்தது. இன்றும் செகந்திராபாத் ராணிகஞ்சின் உதிரிபாகக் கடைகளும், ஊரின் கிழக்கே ஆட்டோ நகரின் லாரிப் பட்டறைகளும் இத்தகைய வேலைக்கு வேண்டிய பொருளையும் ஆளையும் தரக்கூடியவை. சென்னைக்கு மழை அக்டோபர் முதல்தான் பலமாக வரும். ஹைதராபாத்துக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மாலை நேரத்தில் இடியோடு திடீரென இறங்கும் அந்த மழையில், வைப்பர் நின்றுபோன லாரி ஓரம் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

வைப்பரின் வரலாறு கையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், வண்டிக்குள் இருந்தபடியே நெம்புகோலைத் திருப்பிக் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். பஃபலோ நகரில் 1917இல் ஜான் ஓய்ஷெய் தொடங்கிய ட்ரிக்கோ நிறுவனம் வைப்பரைப் பெருந்தொழிலாக்கியது. உறிஞ்சுவிசையால் ஓடும் வைப்பர் 1920களில் பரவியது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1926இலேயே மின்சார வைப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் 1930களில் மின்சார வைப்பர்களைச் செய்தது. எனவே மின்சார வைப்பர், உறிஞ்சு வைப்பர் இருந்த காலத்திலேயே அதன் அருகில் இருந்த மாற்று வழிதான். அமெரிக்க நிறுவனங்கள் விலை மலிவு கருதியும், அன்றைய சிறிய பேட்டரிக்குச் சுமை ஏற்ற விரும்பாமலும் உறிஞ்சு வைப்பரையே நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தன.

உறிஞ்சு வைப்பரின் அமைப்பு மிக எளியது. உள்ளங்கையளவு உலோகப் பெட்டிக்குள், விளிம்பில் தோலோ ரப்பரோ பதித்த ஒரு தகடு நடுத்தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். அது பெட்டியை இரு அறைகளாகப் பிரிக்கும். ஓர் அறையிலிருந்து எஞ்சின் காற்றை உறிஞ்ச, மற்ற அறைக்குள் வெளிக்காற்று புகுந்து தகட்டைத் தள்ளும். தகடு மறுகோடியை அடைந்ததும் சிறு வால்வு ஒன்று புரண்டு, உறிஞ்சும் பக்கத்தை மாற்றிவிடும். இவ்வாறு தகடு இடமும் வலமும் ஆட, அதே தண்டின் மறுமுனையில் மாட்டிய வைப்பர்க் கை கண்ணாடியின் மேல் ஆடும். பல் சக்கரமோ கம்பிச் சுருளோ இல்லாத இந்தக் கருவி நன்றாகப் பராமரிக்கப்பட்டால் பல்லாண்டு உழைக்கும் என்பதை மறுக்க முடியாது.

குறை கருவியில் இல்லை, அதற்குச் சக்தி வரும் இடத்தில் இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியை அடைத்துத் திறக்கும் வட்டத் தகட்டுக்கு த்ராட்டில் என்று பெயர். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திறப்பது அதுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த நிலையில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்க, உருளைகள் காற்றுக்காகப் பலமாக இழுப்பதால், கார்புரேட்டருக்கும் உருளைகளுக்கும் இடைப்பட்ட குழாய்த்தொகுதியில், அதாவது மெக்கானிக்குகள் இன்டேக் மேனிஃபோல்டு என்று சொல்லும் பாகத்தில், சுமார் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாகிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் காற்று தடையின்றிப் பாய்ந்து, அந்த வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ஹைதராபாத்திலிருந்து நல்லமலைக் காட்டின் வழியே ஸ்ரீசைலம் செல்லும் மலைப்பாதையில் சுமையோடு ஏறும் பழைய லாரியை எண்ணிப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும்: ஏற்றத்தில் எஞ்சின் முழுமூச்சாக உழைக்கும்போது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும், இறக்கத்தில் காலை எடுத்தால் தேவையே இல்லாத வேகத்தில் படபடக்கும். முன்னால் செல்லும் வண்டியை முந்துகின்ற நேரத்தில், அதன் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் கண்ணாடியை மூடுகின்ற அதே கணத்தில், வைப்பர் ஓய்ந்துபோவதைவிட ஆபத்தான குறைபாடு வேறு என்ன இருக்க முடியும்? இதைத் தணிக்க, பெட்ரோல் பம்ப்போடு கூடுதல் உறிஞ்சு அறை ஒன்றை இணைத்தும், வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் தொட்டியை மாட்டியும் அன்றைய நிறுவனங்கள் முயன்றன. குறை குறைந்ததே ஒழியத் தீரவில்லை. தக்காண வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் தோல் விளிம்பு காய்ந்து சுருங்கியிருக்கும் என்பதால், இருக்கின்ற சிறு விசையும் கசிந்து வீணாகிவிடும். டீசல் எஞ்சினில் பொதுவாக அத்தகைய த்ராட்டில் இல்லாமையால் இந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் செய்த டீசல் லாரிகள் இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்பவை.

மின்சார வைப்பரில் ஒரு சிறு மோட்டார் ஒரே திசையில் வேகமாகச் சுழல்கிறது. திருகு போன்ற மரை கொண்ட தண்டு ஒரு பல் சக்கரத்தை மெதுவாகத் திருப்பும் வாம் கியர் என்னும் அமைப்பு, அந்த வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகிறது. சக்கரத்தின் விளிம்பில் மாட்டிய கிராங்க் அந்தச் சுழற்சியை இடவல அசைவாக மாற்றுகிறது. எஞ்சின் எவ்வளவு திணறினாலும் துடைப்பின் வேகம் மாறாது என்பதே இதன் முழுப் பயன். சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர்க் கை கண்ணாடியின் ஓரத்திற்கு வந்து படுக்கும்வரை மோட்டாருக்கு மின்சாரம் தரும் உட்சுவிட்ச் ஒன்றும் இதில் உண்டு. அதற்கென வரும் தனிக் கம்பியை இணைக்காமல் விட்டால், கை கண்ணாடியின் நடுவிலேயே நின்று பார்வையை மறைக்கும். அமெரிக்க விதிப்படி வைப்பருக்கு இரண்டு வேகங்கள் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 45 முறைக்குக் குறையாத வேகமும், 20 முறைக்குக் குறையாத மெதுவேகமும், இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 முறை வித்தியாசமும் தேவை. பழைய லாரிக்கு மோட்டார் தேடும்போது இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

மோட்டார் கிடைப்பது கடினமில்லை. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் முதலிய இந்திய நிறுவனங்களின் வைப்பர் மோட்டார்கள் உதிரிபாகச் சந்தையில் உண்டு. உண்மையான வேலை பேட்டரியிலிருந்து தொடங்குகிறது. 1955க்கு முற்பட்ட அமெரிக்க லாரிகள் பெரும்பாலும் 6 வோல்ட் மின்னமைப்பு கொண்டவை. இன்று கடையில் கிடைக்கும் மோட்டாரோ 12 வோல்ட் மோட்டார். 36 வாட் வேண்டும் ஒரு மோட்டார் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுத்தால், அதே வேலைக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும். மழை இரவில் 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பழைய டைனமோ மிகக் குறைவாகவே மின்சாரம் தரும் என்பதையும் கணக்கில் கொண்டால், பேட்டரி எவ்வளவு விரைவில் இறங்கிவிடும் என்பது புரியும். 12 வோல்ட் மோட்டாரை அப்படியே 6 வோல்ட்டில் இணைத்தால் ஏறக்குறைய பாதி வேகத்தில் தள்ளாடும். ஆகவே 6 வோல்ட்டுக்கென்றே செய்த மோட்டாரைத் தேடிப் பெறலாம், அல்லது மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு கருவியை இடையில் வைக்கலாம், அல்லது வண்டி முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றலாம். அடிக்கடி சாலையில் ஓடவேண்டிய வண்டியானால், விளக்குகளின் ஒளியும் கூடும் என்பதால், மூன்றாவது வழியே சிறந்தது.

அடுத்தது எர்த். வண்டியின் உலோக உடலையே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாகப் பயன்படுத்துவதற்கு எர்த் என்று பெயர். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்படுகிறது. பழைய 6 வோல்ட் ஃபோர்டுகளிலும் 1960களின் நடுப்பகுதி வரையிலான பல பிரிட்டிஷ் வண்டிகளிலும் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். நிலைக்காந்தம் கொண்ட இன்றைய மோட்டாரைக் கவனிக்காமல் அத்தகைய வண்டியில் மாட்டினால் அது எதிர்த்திசையில் சுழன்று, கை படுக்கும் இடம் பிசகக்கூடும். மின்னணுப் பலகை உள்ள மோட்டாராயின் அது கருகவும் கூடும். கம்பிக்கு ஏற்ற ஃப்யூஸ் இடுவதும், எர்த் கம்பி தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர்வதும் சிறு வேலைகளாகத் தோன்றினாலும், அரைகுறையாக ஓடும் வைப்பர்களுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பொருத்தும் வேலையில் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. 1930களின் பல லாரிகளில் கண்ணாடிச் சட்டமே காற்றுக்காக முன்புறம் திறக்கும். அவற்றில் வைப்பர் மேல் சட்டத்திலிருந்து தொங்குவதால், சட்டம் திறந்து மூடுவதற்கு இடம் தரும் அளவுக்குக் கம்பியைத் தளர்வாக விட வேண்டும். பிற்கால வண்டிகளில் வைப்பர் கண்ணாடியின் அடியில் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் மாற்றுத் தொகுப்புகள் இடப்பக்கம் அமரும் ஓட்டுநருக்காகச் செய்யப்பட்டவை. இங்கே ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், துடைக்கும் பரப்பும் கை படுக்கும் திசையும் அவர் கண்ணெதிரே சரியாக அமைகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். புதிய மோட்டாரின் தண்டு பழைய கைக்குப் பொருந்தாவிட்டால், லேத் பட்டறையில் புஷ் என்னும் இடைவளையம் ஒன்றைக் கடைந்து மாட்டுவது, சட்டத்திலுள்ள துளையைப் பெரிதாக்குவதைவிட மேலானது. துளையை ஒருமுறை பெரிதாக்கினால் பழைய கருவி ஒருபோதும் அதில் திரும்பப் பொருந்தாது.

பலர் மறந்துவிடும் செயல் ஒன்று உண்டு. உறிஞ்சுக் குழாயைக் கழற்றிய பிறகு, மேனிஃபோல்டில் அது மாட்டியிருந்த துளையை இறுக்கமாக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கார்புரேட்டர் அளந்து தராத காற்று அதன் வழியே உள்ளே புகுந்து, பெட்ரோலின் விகிதம் குறைந்து, வண்டி நின்ற நிலையில் எஞ்சின் நடுங்கும். பழியோ கார்புரேட்டர் மேல் விழும். வேலை முடிந்ததும் சோதனையை நனைத்த கண்ணாடியில்தான் செய்ய வேண்டும். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் ரப்பரும் தேயும், தூசி கீறிப் பழைய கண்ணாடியில் கோடும் விழும்.

சட்டம் இந்த மாற்றத்துக்கு எதிரானது அன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆம் விதி, முகப்புக் கண்ணாடி உள்ள வாகனங்களுக்கு விசையால் இயங்கும் திறமையான வைப்பரைக் கோருகிறது. 2021இல் சேர்க்கப்பட்ட பழமை வாகன விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு இருக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும் தனிப் பதிவு தருகின்றன. அவற்றில் தடுக்கப்படும் பெரிய மாற்றங்கள் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைச் சார்ந்தவை. சரக்கு லாரி அந்த வரையறைக்குள் வராது என்பது வருந்தத்தக்கது. நாட்டின் சாலைகளையும் அணைகளையும் கட்டச் சுமை சுமந்தவை லாரிகளே. அவற்றைப் பாதுகாப்போருக்கும் அந்த ஏற்பு நீட்டிக்கப்பட வேண்டும்.

எல்லாப் பழைய வண்டிக்கும் இந்த மாற்றம் தகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் ஆணைப்படி செய்யப்பட்டு இன்று சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் ரோல்ஸ் ராய்ஸும், பஸ் பவனின் ஆல்பியனும் மழையில் ஓடவேண்டியவை அல்ல. அவை தம் காலத்துக்குச் சான்றாக நிற்பவை, அவற்றில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது. சாலையில் ஓடும் லாரியின் நிலை வேறு. அதன் உரிமையாளர்கள் ஜூன் பிறப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். கழற்றிய உறிஞ்சு மோட்டாரையும் அதன் குழாயையும் வால்வையும் துடைத்து எண்ணெயிட்டு, எந்த வண்டியின் எந்தப் பக்கத்தில் இருந்தவை என்று எழுதிய சீட்டோடு, வண்டியின் ஆவணங்கள் இருக்கும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும்.