முழங்கால் தரும் முதல் எச்சரிக்கை

"குந்தி எழும்ப ஏலாமல் கிடக்கு. வயசு போகுதுதானே!" இப்படிச் சொல்லி முழங்கால் நோவைப் பொறுத்துக்கொள்பவர்கள் எம்மிடையே பலர். ஊரை விட்டு வந்த பின்னரும் தண்ணீர் சுமக்கிறோம், விறகு தூக்குகிறோம், நிலத்தில் குந்தியிருந்து சமைக்கிறோம், கிடைத்த கூலிவேலைக்கும் போகிறோம். ஆனால் நாளைக்கு எமது சொந்த வயலில் இறங்க வேண்டியவையும் இதே கால்கள்தான். ஆகவே மூட்டுத் தேய்வை ஆரம்பத்திலேயே இனங்காண்பது எப்படி என்பதை இங்கு பார்ப்போம்.

மூட்டினுள் நடப்பது என்ன?

தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு நோவை உணரும் நரம்பு இல்லை. எனவே அது பழுதடையத் தொடங்குவது எமக்குத் தெரிவதில்லை. வயது, உடற்பருமன், பழைய காயம், பாரம் தூக்குதல், நெடுங்காலம் குந்தியும் முழங்காலில் நின்றும் செய்யும் வேலை ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை இது கூடுதலாகப் பாதிக்கிறது.

ஆரம்ப அறிகுறிகள்

1. சமதரையில் நடக்கும்போது சுகமாயிருக்கும். படி ஏறி இறங்கும்போதும் குந்தி எழும்பும்போதும் நோகும். இருந்து ஆறினால் குறையும்.

2. காலையில் எழும்பியதும் மூட்டு விறைத்திருக்கும். சற்று நடந்தால், அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும்.

3. முழங்காலில் கை வைத்து மடக்கி நீட்டினால் கரகரவென்று உணரலாம். நோவில்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

4. முன்னர் போல முழுதாக மடக்க முடியாது. மற்றக் காலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயது 45 அல்லது அதற்கு மேல், வேலை செய்யும்போது நோவு, காலை விறைப்பு இல்லாமை அல்லது அரை மணித்தியாலத்துக்கு மேற்படாமை ஆகிய மூன்றும் பொருந்தினால், எக்ஸ்ரே இல்லாமலே வைத்தியர் இந்நோயைத் தீர்மானிக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். படம் நன்றாயிருக்கிறது என்பதால் உங்கள் நோவு பொய்யாகிவிடாது. இரத்தப் பரிசோதனை செய்வது வேறு நோய்கள் உண்டா என்று அறிவதற்கே.

வேறு நோயாகவும் இருக்கலாம்

மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலும், முழங்கால் மடங்கியபடி இறுகிவிட்டாலும் தாமதிக்க வேண்டாம். விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். சிக்குன்குன்யா காய்ச்சலின் பின்னும் மூட்டு நோவு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

வைத்தியரிடம் எதைச் சொல்வது?

நோவு எப்போது தொடங்கியது, எந்த வேலையில் கூடுகிறது, விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, முன்பு காயம் பட்டதா, என்ன குளிசை எடுத்தீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியைக் கைவிடாதீர்கள்.

நாமே செய்யக்கூடியவை

கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, நாளாந்தம் செய்யுங்கள். தொடைத்தசை பலமடைந்தால் மூட்டின் சுமை குறையும். நோவுக்குப் பயந்து நடப்பதை நிறுத்த வேண்டாம். பருமனானவர் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். அடுப்பை உயர்த்தி நின்று சமையுங்கள். களை பிடுங்கும்போது சிறு பலகைக்கட்டையில் இருங்கள். பெரிய குடத்தை விடுத்து, சிறிய பாத்திரங்களில் இரண்டு தடவையாகத் தண்ணீர் எடுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் நோவுக் குளிசைகளை நாட்கணக்கில் விழுங்காதீர்கள். அவற்றுட் பல வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மேலே பூசும் மருந்து பற்றி முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்க மருந்து இல்லை. ஆனால் நேரத்தோடு கவனித்தால் பலர் நெடுங்காலம் வேலை செய்யலாம். இன்று வீட்டில் யாராவது குந்தி எழும்பச் சிரமப்பட்டால், "வயசு" என்று விட்டுவிடாமல் மேலே சொன்ன நான்கையும் கேட்டுப் பாருங்கள்.