எழுபது வளைவு... ஏழு படம்!

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. பரோட்டா பார்சல் பிரித்தாகிவிட்டது. கையில் ரிமோட். 'இன்னிக்கு ஒரு நல்ல படம் பார்த்தே தீருவது' என்று சபதம்.

மேலே தள்ளுகிறோம்... கீழே தள்ளுகிறோம்... போஸ்டர், போஸ்டர், இன்னும் போஸ்டர்! "இது வேண்டாம், அழுகை." "இது வேண்டாம், ரெண்டே முக்கால் மணி நேரம்." "இதுக்கு மூளை வேணும், அதை ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன்." ஒன்பதே முக்காலுக்குப் பரோட்டா தோல் செருப்பாகிவிட, பதினேழாவது தடவையாக ஒரு வடிவேலு காமெடியைப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போகிறோம். மாதச் சந்தா மட்டும் டாண் என்று கணக்கிலிருந்து கழிகிறது.

உங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை சார், என் கதையும் இதேதான். இந்த வியாதிக்கு எனக்கு மருந்து கிடைத்த இடம் கொல்லிமலை. (அங்கே மூலிகைக்கா பஞ்சம்!)

ஆபீஸில் என் அடுத்த சீட் நண்பருக்குச் சொந்த ஊர் எடப்புளி நாடு. "நாடா? விசா வேணுமா?" என்று ஜோக்கடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று மொத்தம் 14 நாடுகள். அதில் ஒன்று எடப்புளி. ஆடிப் பெருக்கை ஒட்டி மலை மேல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். "லீவு போட்டுட்டு வாங்க சார்" என்று கூப்பிட்டார். கூடவே ஓர் எச்சரிக்கை:

"எங்க வீட்டுப் பக்கம் சிக்னலை நம்பாதீங்க. வாசல்ல ஒரு புள்ளி, பலா மரத்தடியில ரெண்டு புள்ளி. அதுவும் காத்து அடிச்சாப் போயிரும். படம் கிடம் பார்க்கணும்னா கீழேயே இறக்கிட்டு வந்துருங்க."

போனைத் திறந்து பார்த்தால், இடம் கொஞ்சூண்டு. அப்போதுதான் ஞானம் பிறந்தது. ஆயிரம் படம் இருக்கும்போது ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாதவனுக்கு, ஏழுக்குத்தான் இடம் என்றதும் மூளை சுறுசுறுவென்று வேலை செய்தது! ஆபீஸில் நாலு பேரைக் கேட்டு, லிஸ்ட் போட்டு, அடித்து, திருத்தி... ஏழு.

காரவள்ளி அடிவாரம் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவதில் வயிறு பேசியது, ஐம்பதாவதில் கெஞ்சியது. மேலே போய்ச் சேர்ந்தால், மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, ஜில்லென்று ஆடிக் காற்று, நண்பரின் அப்பா, அம்மா, அக்கா, ப்ளஸ் டூ படிக்கும் அக்கா மகள். டி.வி. உண்டு. ஆனால் காற்றில் டிஷ் ஆன்டெனா வேறு திசைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது. ஆக, ஒரு பித்தளைச் சொம்பில் என் போனைச் சாய்த்து வைத்ததுதான் தியேட்டர்.

அங்கே ஓடியவை இவை. உங்கள் அடுத்த சனிக்கிழமைக்கும் பழுதில்லை.

1. மேற்குத் தொடர்ச்சி மலை

2018-ல் வந்தது. லெனின் பாரதி இயக்கம், தயாரிப்பு விஜய் சேதுபதி, இசை இளையராஜா. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிலிருந்து இறங்கும் ரங்கசாமிக்கு ஒரே கனவுதான்... துண்டு நிலம். ஹீரோ பறந்து பறந்து அடிக்க மாட்டார், நடப்பார். கூடவே நாமும் மூச்சு வாங்கி நடப்போம்.

நண்பரின் அப்பா கண் கொட்டாமல் பார்த்தார். "மூட்டையை இறக்காமயே நின்னபடி இளைப்பாறுறான் பாருங்க... அது சுமந்தவனுக்குத்தான் தெரியும் தம்பி. நானும் பலாப்பழம் சுமந்து இறங்கினவன்" என்றார். இதற்கு மேல் ஒரு விமர்சனம் வேண்டுமா? கடைசிக் காட்சியை மட்டும் யாரும் உங்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தலைவெட்டியான் பாளையம்

பெயரைப் பார்த்து அரிவாள் படம் என்று ஓடாதீர்கள். பரம சாது. இன்ஜினீயரிங் முடித்த பட்டணத்துப் பையனுக்குக் கிடைக்கும் வேலை, திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் பஞ்சாயத்துச் செயலாளர். பகலில் ரிஜிஸ்டர், ராத்திரியில் அடுத்த பரீட்சைக்குப் படிப்பு. 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம் இது. அமேசான் பிரைமில் 2024-ல் வந்தது, எட்டுப் பகுதிகள். இயக்கியவர் யார் தெரியுமா? 'மர்ம தேசம்' நாகா! நம்மை ராத்திரியில் பாத்ரூம் போகவிடாமல் பயமுறுத்திய அதே மனிதர், இங்கே பல்லைக் காட்ட வைக்கிறார். 'இந்த வேலையை விட்டுடலாமா?' என்று தினமும் லிஃப்ட்டில் யோசிப்பவர்கள் கட்டாயம் பார்க்கவும்.

3. ஜெய் பீம்

2021 நவம்பரில் பிரைமில் நேரடியாக வந்தது. த.செ. ஞானவேல் இயக்கம். 1993-ல் கடலூர் பக்கம் நடந்த லாக்-அப் மரணம், அதற்காக வாதாடிய வக்கீல் சந்துரு... நிஜ வழக்கின் மேல் கட்டிய கதை. சந்துரு பிற்பாடு ஹைகோர்ட் நீதிபதியானவர். சூர்யா பெயரைச் சொல்லி உட்கார்ந்தாலும், எழுந்திருக்கும்போது மனசில் நிற்பவர்கள் லிஜோமோள் ஜோஸும் மணிகண்டனும்தான். அடிக்கிற காட்சிகள் பலம். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

4. தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்

"நேரமே இல்லை சார்" என்பவர்களுக்கு. ஒரு மணி நேரம்கூட இல்லை. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன் - பெள்ளி தம்பதி, அவர்கள் வளர்க்கும் யானைக்குட்டி ரகு. கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த இந்த ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. ஆவணப்படம் என்றாலே பள்ளிக்கூடத்தில் காட்டும் மலேரியா படம் ஞாபகம் வருகிறதா? அந்தப் பயம் இதோடு தீர்ந்துவிடும். யானைக்குட்டி சேட்டை பண்ணும்போதெல்லாம் நண்பரின் அம்மா, "ஐயோ சாமி... ஐயோ சாமி" என்று சொம்பையே கொஞ்சினார்.

5. கடைசி விவசாயி

'காக்கா முட்டை' எடுத்த மணிகண்டனின் படம், 2022. குலதெய்வப் பூஜைக்கு நெல் வேண்டும். ஊரில் இன்னும் விவசாயம் பண்ணுகிறவர் ஒரே ஒரு கிழவர். அவர் மேல் ஒரு பொய் கேஸ். உள்ளே இருப்பவரின் கவலையெல்லாம் ஜாமீன் இல்லை, பயிருக்குத் தண்ணீர்! நடித்த நல்லாண்டி நிஜ விவசாயி. படம் வெளியாவதற்கு முன்பே காலமாகிவிட்டார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. மெதுவாகத்தான் நகரும். நெல்லும் மெதுவாகத்தானே வளர்கிறது?

6. விலங்கு

சஸ்பென்ஸ் இல்லாமல் என்ன வீக் எண்ட் என்று முணுமுணுப்பவர்களுக்கு. 2022-ல் ஜீ5-ல் வந்த ஏழு பகுதித் தொடர், பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம். சப் இன்ஸ்பெக்டராக விமல். வீட்டில் பிரசவ டென்ஷன், காட்டுக்குள் ஒரு பிணம், ஸ்டேஷனுக்குள் ஆயிரம் கூத்து. ஒரு பகுதி மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று தொடங்கினால், காலையில் ஆபீஸுக்குப் பொய் சொல்ல வேண்டி வரும். உஷார்!

ஏழாவதுக்குப் போகும் முன்... சில டிப்ஸ்

* இறக்கிய படம் நம் சொத்து அல்ல, இரவல் புத்தகம்தான்! பல படங்களை ஓட்டத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தி அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தால் காலாவதி.

* சின்ன போனில் பார்க்க உச்சத் தரம் எதற்கு? இறக்கும் முன் தரத்தைக் குறைத்து வையுங்கள். இடமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

* மலை ஏறும் முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒவ்வொரு படமும் ஒரு நிமிஷம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். (இதை வீட்டு வாசலிலேயே செய்தால் 48 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அடிவாரத்தில் செய்வது உத்தமம்.)

* படங்கள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு அடிக்கடி குடி மாறும். சந்தா கட்டும் முன் தேடிப் பார்த்துவிடுங்கள்.

* தொடர் என்றால் எல்லாப் பகுதிகளையும் இறக்குங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால்...

7. அயலி

2023 குடியரசு தினத்தன்று ஜீ5-ல் வந்தது. முத்துக்குமார் இயக்கம், எட்டுப் பகுதிகள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், வருஷம் 1990. பெண் வயசுக்கு வந்தால் படிப்பு நிறுத்தம், உடனே கல்யாணம். 'நான் டாக்டராகணும்' என்கிற தமிழ்ச்செல்வி, வயசுக்கு வந்ததையே ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறாள். பிரசங்கம் மாதிரி இருக்குமோ என்று பயப்படாதீர்கள். சிரித்துச் சிரித்துத்தான் பார்ப்பீர்கள். சிரித்து முடித்ததும்தான் சுருக் என்று தைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் மழை. வெளியே போக வழியில்லை. "இதைப் போடுங்க சார்" என்றார் நண்பர், கொஞ்சம் அழுத்தமாக. காரணம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அக்கா மகளுக்கு நர்ஸிங் படிக்க ஆசை. ஆனால் சொந்தத்தில் ஒரு வரன் வந்திருந்தது. "ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் நிச்சயம் பண்ணிரலாம். பதினெட்டு முடிஞ்சப்புறம் கல்யாணம்" என்று பெரியவர் பேச்சுக் கொடுத்திருந்தார். நண்பர் ஒரு வருஷமாக வாதாடியும் பயனில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடியது. அந்தப் பெண் சிரிக்கிற இடத்தில் இந்தப் பெண்ணும் சிரித்தாள். நாலாவதில் பெரியவர் எழுந்து வெளியே போனார். போச்சுடா என்று நினைத்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்து, "விட்ட இடத்திலேர்ந்து ஓட்டுங்க" என்றார். ஆறு முடிந்தது. போன் நின்றது.

"அப்புறம்?"

அப்புறம் இல்லை! இடம் போதாமல் கடைசி இரண்டு பகுதிகளையும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் நான் ஏற்றி வைத்திருந்தது... அதே பழைய வடிவேலு காமெடி. அந்த நிமிஷம் அந்த வீட்டில் ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"அந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிச்சாளா, இல்லையா மாமா?" என்று அக்கா மகள் நண்பரைக் கேட்டாள். நண்பர் தன் அப்பாவைப் பார்த்தார். பெரியவர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை. "செம்மேட்டுல சிக்னல் கெடைக்கும்ல? கெளம்புங்க. மிச்சத்தைப் புடிச்சுட்டு வந்துருவோம்" என்று பெரியவரே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். விழாக் கூட்டத்துக்கு நடுவே ஒரு டீக்கடை பெஞ்சு. போனில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது... பன்னிரண்டு... பதிமூன்று... பெரியவர் தன் போனை எடுத்து யாருக்கோ போட்டார்.

"மாப்ளே, நாந்தான். ஆவணிக்கு வேண்டாம்... இல்லல்ல, கோபமெல்லாம் இல்ல. புள்ள பரீட்சை எழுதட்டும். மேக்கொண்டு படிக்கணும்னு சொல்றா. படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பேசுவோம்... ஆங், உன் வீட்டுல டி.வி. ஓடுதா?"

அவ்வளவுதான். டீயை உறிஞ்சினார். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரி சிலைப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தொடர் பார்த்துப் பெரியவர் மாறிவிட்டார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு வருஷம் நண்பர் பேசியது, அந்தப் பெண் அழுதது எல்லாம் அவருக்குள் சேர்ந்திருக்கும். "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று நேரே சொன்னால் கௌரவம் குறுக்கே நிற்கிறது. யாரோ ஒரு தமிழ்ச்செல்வி என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. அவருக்குத் தேவைப்பட்டது அந்தத் தூரம்தானோ என்னவோ.

அன்றைக்குச் சாயங்காலம் எட்டாவது பகுதி ஓடி முடிந்தது. தமிழ்ச்செல்வி டாக்டருக்குப் படித்தாளா? அதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள். தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பரோட்டாவை மட்டும் முதலில் சாப்பிட்டுவிடுங்கள்!