பெடல் விழுந்தால் பிளேட் போனதாகாது

கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே கிடக்கிறது. ‘பிளேட் போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்’ என்று யாராவது சொல்லும் முன், கோளாறு எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துவிடலாம்.

பிளேட் தேய்ந்த வண்டி வழுக்கும். இன்ஜின் உறுமும், வேகம் கூடாது, மேட்டில் தீய்ந்த வாடை வரும். ஹைட்ராலிக் (ஆயில் அழுத்த) கோளாறு இதற்கு நேர்மாறு: பெடலை மிதித்தாலும் கிளட்ச் விடுபடாது.

எங்கே கசிகிறது?

மாருதி 800-இல் கிளட்சை இழுப்பது கேபிள். இன்னோவா போன்ற வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது பிரேக் ஆயில். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியே கியர் பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் கிளட்சை விடுவிக்கும். இரண்டுக்குள்ளும் இருக்கும் ரப்பர் வாஷர்கள்தான் முதலில் சாகும்.

பெடலுக்கு மேலே, மாஸ்டரின் ராடு நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருக்கும் இடமே குற்றவாளி. வெளியே சொட்டுக்கூட இல்லை, ஆனால் மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல இறங்குகிறது என்றால், பெரும்பாலும் மாஸ்டருக்கு உள்ளேயே வாஷர் விட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி உள்ளே இருக்கும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அது வீட்டு வேலை அல்ல.

சிலிண்டரைக் கழற்றி மாட்டுவது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கும். ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எந்த ஆயில் என்பது மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவின் மூடியிலேயே இருக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 ஆயில் 230 வரையிலும் கொதிக்காது. ஈரம் குடித்தபின் இந்த வரம்பு 140, 155 என்று சரியும். பல மாதங்களுக்கு முன் திறந்த பாட்டிலைத் தொடாதீர்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றுடன் கலக்கக் கூடாது.

ஏர் எடுப்பது

ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி நின்றால், உங்கள் மிதி அதை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். அதை வெளியேற்ற இருவர் வேண்டும்.

ஸ்லேவின் பிளீடர் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். “அமுக்கு” என்றால் மேலே இருப்பவர் பெடலை முழுக்க மிதித்து, “அமுக்கிட்டேன்” என்று சொல்லி, காலை எடுக்காமல் நிற்க வேண்டும். நிப்பிளைத் திறங்கள், குமிழியோடு ஆயில் வரும். மூடுங்கள். அதன்பிறகே “விடு”. மூடும் முன் காலை எடுத்தால், வெளியேறிய காற்று திரும்ப உள்ளே ஏறும். பெடல் தானாக எழும்பாவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள்.

குமிழி வருவது நிற்கும்வரை இதையே செய்யுங்கள். நடுவில் டப்பா வற்றக் கூடாது. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா என்றால், வற்றவிட்டால் பிரேக்கிலும் காற்று புகலாம். எவ்வளவு மிதித்தும் பெடல் தொளதொளவென்றே இருந்தால், ஸ்லேவ் பக்கமிருந்து சிரிஞ்சால் ஆயிலை மேல்நோக்கி மெதுவாக ஏற்றிப் பாருங்கள். காற்றின் இயல்பே மேலே போவதுதான்.

முடிந்தபின் பெடலில் சிறிதளவு ‘ப்ளே’ (அழுத்தம் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அழுத்தம் உள்ளேயே தங்கி, நல்ல பிளேட்டும் வழுக்கத் தொடங்கும்.

அடுத்த சில வாரங்கள் டப்பாவைக் கவனியுங்கள். பிரேக் பேட் தேய்ந்தால் பிரேக் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. கிளட்ச் பிளேட் தேய்வதால் ஆயில் மட்டம் இறங்காது. ஆகவே கிளட்சுக்கென்று தனி டப்பா உள்ள வண்டியில் மட்டம் குறைந்தால் அது கசிவுதான். மேலே ஊற்றி நிரப்பி ஓட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது.