தேங்காய் துருவினால் எத்தனை அடி?

மாதக் கடைசி வந்துவிட்டால் கடிதங்கள் குவிகின்றன. நாளுக்கு 10,000 அடி நடந்து காட்டினால் பிரீமியத்தில் சலுகை என்கின்றன சில மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள். நடக்கத் தயார், மணிக்கட்டில் கட்டி அடி எண்ணுகிற பேண்டைத்தான் நம்ப முடியவில்லை என்கிறார்கள் வாசகர்கள். ஒருவருக்குக் குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டியபோது ஸ்டெப்ஸ் ஏறியது. இன்னொருவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் முழுக்கச் சுற்றியும் ஏறவில்லை. தேங்காய் துருவியவருக்கோ உட்கார்ந்த இடத்திலேயே நடைப்பயிற்சி!

பேண்டுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மணிக்கட்டின் அசைவை மூன்று திசைகளில் அளப்பது மட்டுமே உள்ளேயிருக்கும் முடுக்கமானியின் வேலை. அந்த ஏற்ற இறக்கங்களில் எது காலடி என்பது மென்பொருளின் ஊகம். ஊகத்தின் விதிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே விடுவதில்லை. சென்சார் சிப் தயாரிக்கும் அனலாக் டிவைசஸ் 2010-இல் வெளியிட்ட ஒரு வடிவமைப்பு, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் காட்டுகிறது.

அதன்படி, அசைவின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே ஒரு கோடு. அதைக் கடந்து அசைவு இறங்கினால் அது காலடியாக இருக்கலாம். கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 50 அளவீடுகளுக்கு ஒருமுறை புதிதாகப் போடப்படும். அடுத்து நேரச் சோதனை: இரண்டு அடிகளுக்கு இடையே 0.2 விநாடிக்குக் குறைவாகவோ 2 விநாடிக்கு அதிகமாகவோ ஆனால் தள்ளுபடி.

மூன்றாவது விதிதான் கெட்டிக்காரத்தனமானது. வில்லங்கமும் அங்கேதான். சேர்ந்தாற்போல் நான்கு அடி ஒழுங்காக விழும்வரை எதுவும் கணக்கில் ஏறாது. நான்காவது விழுந்ததும் நான்கும் சேர்ந்து ஏறும். நடுவில் ஒன்று தாளம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து தேடல். கொசு விரட்டும் கையையும் தலையைச் சொறியும் கையையும் வடிகட்டத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அடுப்பிலிருந்து அலமாரிக்கு மூன்று எட்டு, அங்கிருந்து தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு எட்டு என்று நாள் முழுக்க நடப்பவரின் கால்களும் அதே வடிகட்டியில் சிக்குகின்றன. அவரே உட்கார்ந்து தேங்காய் துருவினால் தாளம் பிசகாது, கணக்கு ஏறும். முழங்கால் வலியோடு தயங்கித் தயங்கி நடக்கும் பெரியவர்களுக்கும் நஷ்டம்தான். கையை வீசி நடப்பவருக்குத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட்டு, அதை வைத்துப் பிரீமியமும் போடுகிறார்கள்.

‘துல்லியம்’ என்று விளம்பரம் சொல்லும்; நூற்றுக்கு எத்தனை பிழை என்று சொல்லாது. 2015-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 14 பேர் டிரெட்மில்லில் நடந்தார்கள். ஒரு பேண்ட் 20 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. ஜப்பானியத் தொழில் தரம் பெடோமீட்டருக்கு அனுமதிப்பதோ 100 அடிக்கு 3 பிழை. 10,000 என்ற இலக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல, 1965-இல் யமசா என்ற ஜப்பானிய நிறுவனம் தன் பெடோமீட்டரை விற்கப் பயன்படுத்திய எண். சராசரியாக 72 வயதுப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் ஆயுள் பலன் கூடவில்லை.

பேண்டை வீட்டிலேயே சோதிக்கலாம். மனதுக்குள் எண்ணி 100 அடி நடந்து, நின்று, சில விநாடி பொறுத்துத் திரையைப் பாருங்கள். எண் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறும். வழக்கமான வேகத்தில் ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை. மெது நடையில் மட்டும் குறைந்தால் பேண்ட் பழுதாகவில்லை என்றே கொள்ளலாம். அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு மறுபடி நடந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். டிராலிக்கும் இதுவே வழி. கைப்பிடியைப் பற்றிய கை ஆடுவதில்லை, ஆடாத கைக்குக் காலடி கிடையாது.

எந்தக் கை? அதிகம் வேலை செய்யாத கை. அதை ஆப்பிலும் சரியாகக் குறியுங்கள்.

டிரெட்மில்? கம்பியைப் பிடிக்காமல் நடங்கள்.

ஸ்கூட்டர்? ஏறும் முன் பேண்டைக் கழற்றிப் பையில் போட்டாலும் குலுங்கும், நேர்மையாளர்கள் கழித்துக்கொள்ளலாம்.

அடிகள் சரி, தூரம் மட்டும் தப்பா? ஆப்பில் பதிந்த உயரத்தைப் பாருங்கள்.