உப்பிட்டவளை நினைத்தல்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. நமக்கு முதன்முதல் உப்பிட்டவள் தாய். அந்த உப்பு அவள் உடம்பில் என்ன செய்கின்றது என எண்ணுவார் மிகச் சிலரே.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது வெள்ளாங்குளம். மேற்கே கடல், கிழக்கே வயலும் காடும். மன்னாரிலும் ஆனையிறவிலும் உப்பளங்கள். நெய்தல் நிலத்து உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற உமணரைச் சங்கச் சான்றோர் பாடினர். நெல்லும் உப்பும் மீனுமே இன்றும் இக்கரையின் உணவு. மீன் மிகுந்த நாளில் அதனை உப்பிட்டு உலர்த்துவர். வள்ளம் இறங்காத நாளில் அக்கருவாடே கறி. மீனைக் கெடாது காக்கும் அதே உப்பு, அளவு மிகுந்தால் உண்பவரின் குருதிக் குழாய்களைக் கெடுக்கும்.

நம் மக்கள் ‘பிறசர்’ என்பது உயர் குருதியழுத்தத்தை. இதயம் சுருங்கும்போது குழாய்ச் சுவரில் எழும் அழுத்தம் முதல் எண். தளரும்போது உள்ளது இரண்டாம் எண். பன்முறை அளந்தும் முன்னது 140ஐயோ பின்னது 90ஐயோ எட்டி நின்றால் அது நோய். அவ்வழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இதயத்தின் சுவர் தடிக்கும், நாடிகள் இறுகும், முடிவில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்துறும்.

மாரடைப்பு ஆடவர் நோய் என்பது பலர் எண்ணம். அது பிழை. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இவ்விடர் விரைந்து ஏறுகின்றது. கருவுற்ற காலத்தில் அழுத்தம் உயர்ந்து துன்புற்றவர்க்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. அன்றியும், மார்புவலியோடு மூச்சுத்திணறல், பெருங்களைப்பு, முதுகு அல்லது தாடை நோவு, குமட்டல் ஆகியனவும் பெண்களிடம் தோன்றும். வேலைக் களைப்பு என்று அவளே அதனைத் தள்ளிவிடுகின்றாள்.

என் மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் கூறினார்: “தலை இடிச்சால் ஒரு குளிசை போடுவன் ஐயா, இடிக்காட்டில் ஏன் வீணாக?” இந்நோயின் கொடுமை இதுவே. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியாத நாளிலும் மருந்து வேண்டும். வைத்தியரைக் கேளாது அதனை நிறுத்தலாகாது.

அத்தாயை மட்டும் குறைகூறுதல் முறையன்று. 2008ஆம் ஆண்டில் போர் இக்கரையை அடைந்தபோது மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். 2009இன் பின் மீண்டு வந்த குடும்பங்கள் பலவற்றில் பெண்ணே தலைவி. உழைப்பும் அவளது, அடுப்பின் புகையும் அவளது. எல்லார்க்கும் பரிமாறியபின், சட்டியில் எஞ்சிய கருவாட்டுக் குழம்பே அவள் பங்கு. கிளினிக் நாளும் கூலி நாளும் ஒன்றானால் அவள் எதனை விடுவாள் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் இது விதியன்று. அமெரிக்கத் தாதியர் 84,000க்கு மேற்பட்டோரை 1980 முதல் 14 ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்த முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. புகையாமை, அளவான எடை, நாளும் அரைமணி உடற்பயிற்சி, நல்லுணவு முதலிய ஒழுக்கங்களைக் கைக்கொள்ளாமையே அவர்களிடை நேர்ந்த இதயநாடி நோயுள் 82 விழுக்காட்டிற்குக் காரணம் என அது கணித்தது.

திருவள்ளுவர் புலவி என்னும் அதிகாரத்தில் உப்பின் அளவை ஊடலுக்கு உவமையாக்கினார். காதலையே அளக்க எடுத்த கோல் அது. நம் அடுக்களைக்கு அயலானதன்று. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு அடங்குக என்கின்றது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கினதே. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்பு ஓரளவே நீங்கும். ஆதலின் பச்சைமீன் கிடைக்கும் நாளில் அதனையே கொள்க. புளியும் மிளகும் இஞ்சியும் உப்பின் குறையை நிரப்பும். முருங்கையிலையும் வல்லாரையும் வேலியோரத்தில் உள்ளன. சிறுநீரக நோயுடையார் மட்டும் கீரையின் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. வெற்றிலையோடு புகையிலை சேர்த்தலை அறவே ஒழிக்க.

இவற்றையெல்லாம் அவள் ஒருத்தியே செய்தல் இயலாது. உப்புக் குறைந்த குழம்பைக் கணவனும் மக்களும் முகஞ்சுளியாது உண்ணல் வேண்டும். கிளினிக் நாளில் மூத்த மகன் அடுப்பைப் பார்க்கலாம். மகள் குளிசையை எண்ணிக் கொடுக்கலாம். 35 வயதைக் கடந்தோரின் குருதியழுத்தத்தை அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றி அளக்கின்றனர்.

மாணவர்களே, அன்னையைப் போற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெறுகின்றீர்கள். அவளது அழுத்தம் எத்தனை என்று அறிவீர்களா? இன்று மாலை கேளுங்கள். அறியேன் என்பாளாயின், நாளை உடன் அழைத்துச் செல்லுங்கள். உப்பிட்டவளை உள்ளளவும் நினைத்தல் அதுவே.